ஹிசாய்ஷி நித்திரைக் குளிசை இல்லை

"படிக்கேக்க கேக்கிறதுக்கு நல்ல மியூசிக் ஒண்டு அனுப்புங்கோடாப்பா" எண்டு எங்கட வட்சப் குழுவில ஒராள் கேட்டால், அஞ்சு நிமிசத்துக்குள்ள ஒரு லிங்க் வந்து விழும். பச்சைப் புல்வெளி, வெள்ளை முகில், யன்னலோரம் நித்திரை கொள்ளுற ஒரு பூனை. கீழ "ஜிப்ளி பியானோ - பத்து மணித்தியாலம் - மன அமைதிக்கு, ஆழ்ந்த நித்திரைக்கு" எண்டு போட்டிருக்கும். இசையமைத்தவரின் பெயரைத் தேடினால் அனேகமாக இருக்காது. வாசித்தவரின் பெயரும் இருக்காது. ஏதோ மழை பெய்கிற மாதிரி, தானாக வந்து விழுந்த சத்தம் போல அது ஓடிக்கொண்டிருக்கும்.

மறைக்க ஒன்றுமில்லை, நாங்களும் கேட்டிருக்கிறம். சோதனைக்கு முதல்நாள் இரவு கேட்டிருக்கிறம். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறம். ஆகவே இந்தக் கட்டுரையில் நாங்கள் ஆரையாவது பேசினால், அந்தப் பேச்சில் எங்களுக்கும் பங்கு இருக்கு.

எங்கட குற்றச்சாட்டு இதுதான்: ஜோ ஹிசாய்ஷியின் இசையை நாங்கள் எல்லாரும் சேர்ந்து நித்திரைக் குளிசையாக மாற்றிவிட்டோம். பிரிவைப் பற்றியும், போரைப் பற்றியும், திரும்பி வரமுடியாத பயணங்களைப் பற்றியும் எழுதப்பட்ட இசையை "ரிலாக்ஸ்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம். இது ஒரு சின்ன ரசனைப் பிழை என்று நாங்கள் நினைக்கவில்லை. வலிக்கின்ற ஒன்றை வலிக்காத மாதிரிக் கேட்கப் பழகுவது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் பாட்டோடு மட்டும் நிற்காது.

முதலில் ஆளை ஒழுங்காக அறிமுகப்படுத்துவோம். 1950இல் யப்பானின் நகானோ பகுதியில் பிறந்தவர். சொந்தப் பெயர் மமோரு ஃபுஜிசாவா. அமெரிக்க இசைக்கலைஞர் குவின்சி ஜோன்ஸின் பெயரை யப்பானிய எழுத்துக்களுக்குள் கொண்டுவந்து விளையாடித்தான் "ஜோ ஹிசாய்ஷி" என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். குனிதாச்சி இசைக் கல்லூரியில் படித்த காலத்தில் அவரை இழுத்தது மினிமலிச இசை. ரெரி ரைலி, ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் போன்றவர்கள் செய்தது அது: ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, கேட்பவர் அறியாமலே வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது. திரும்பத் திரும்ப வருவதால் அது தாலாட்டு மாதிரித் தோன்றும். ஆனால் தாலாட்டு நித்திரையாக்குவதற்கு. இது முழிச்சிருந்து கவனிப்பதற்கு.

1984இல் ஹயாவோ மியாசாக்கியின் "நௌசிக்கா"வில் தொடங்கி 2023இல் "தி போய் அண்ட் த ஹெரன்" வரைக்கும், ஏறக்குறைய நாற்பது வருசம் அவர் மியாசாக்கியோடு வேலை செய்திருக்கிறார். அதே நேரம் தக்கேஷி கிட்டானோவின் "சொனற்றீன்" (1993), "ஹனா-பி" (1997) போன்ற இரத்தமும் மௌனமும் நிறைந்த படங்களுக்கும் அவர்தான் இசை. 2008இல் தோக்கியோவின் புடோக்கான் அரங்கில், வாத்தியக்குழு, பாடகர்குழு எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மேடையேற்றி மியாசாக்கி படங்களின் இசையை நடத்தியவரும் இவர்தான். அந்த அரங்கில் எழும்பிய சத்தத்துக்கும் "மெல்லிய பியானோ, ஆழ்ந்த நித்திரை" என்ற லேபிளுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று. "ஜிப்ளி இசை" என்பது ஒரு கலைஞரின் பெயர் இல்லை. ஜிப்ளி ஒரு ஸ்ரூடியோ. "கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்" படத்துக்கு இசை மிச்சியோ மமியா. "விஸ்பர் ஒஃப் த ஹார்ட்" படத்துக்கு யூஜி நொமி. "ஸ்பிரிட்டட் அவே" படத்தின் முடிவில் வருகின்ற, எல்லாரும் ஹிசாய்ஷி என்று நினைக்கிற அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்துப் பாடியவர் யூமி கிமுரா. மறுபக்கம், ஜிப்ளி பிளேலிஸ்ற்றுகளில் தவறாமல் வருகிற "சமர்" என்ற துண்டு எந்த ஜிப்ளிப் படத்திலும் இல்லை. அது கிட்டானோவின் "கிக்குஜிரோ" (1999) படத்துக்கு எழுதினது. பெயர் தெரியாமல் கேட்பது பெரிய பாவம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சட்டிக்குள் கொட்டி "அமைதி" என்று லேபிள் ஒட்டுகிற வியாபாரத்துக்கு, பெயர்கள் மறக்கப்படுவதுதான் வசதி.

சரி, அந்த "சமர்" துண்டையே எடுப்பம். நரம்புக் கருவிகளை விரலால் தட்டித் தட்டி வருகிற துள்ளல், மேலே பியானோ. கடற்கரை வீடியோ, சைக்கிள் வீடியோ, ஐஸ்கிறீம் வீடியோ எல்லாத்துக்கும் பின்னால இதுதான் ஓடுது. கோடை விடுமுறையின் சந்தோசம் எண்டு நினைக்கிறம். படத்தில் நடப்பது என்ன? மசாவோ என்ற சின்னப் பெடியன், அம்மம்மாவோடு இருக்கிறான். விடுமுறை வந்ததும் கூட்டாளிகள் எல்லாரும் குடும்பத்தோடு எங்கேயோ போய்விடுகிறார்கள். விளையாட ஆளில்லை. ஒருநாள் அம்மாவின் விலாசம் கையில் கிடைக்கிறது. ஒரு உதவாக்கரை மனிசனோடு அம்மாவைத் தேடிப் போகிறான். கண்டுபிடிக்கிறான். தூரத்தில் நின்று பார்க்கிறான்: அம்மாவுக்கு வேறு புருசன், வேறு பிள்ளை. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிறான். "சமர்" அந்தப் படத்தின் துள்ளல். அந்தத் துள்ளலுக்கு அடியில் இருப்பது இந்தப் பெடியனின் முதுகு. அதைப் பார்த்த பிறகு அந்த மெட்டை ஐஸ்கிறீமுக்குப் போட எங்களால் முடியவில்லை.

அடுத்தது, "ஸ்பிரிட்டட் அவே" (2001) தொடக்கத்தில் வருகின்ற "வன் சமர்ஸ் டே". பத்து மணித்தியால வீடியோக்களில் பாதிக்கு மேல் இதோடுதான் தொடங்கும். படத்தில் அது வரும் இடம் ஒரு காரின் பின்சீற். பத்து வயசுப் பிள்ளை சிஹிரோ, கையில் ஒரு பூச்செண்டோடு படுத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தையும் கூட்டாளிகளையும் விட்டுவிட்டுப் புது ஊருக்குப் போகிறாள். வாழ்க்கையில் கிடைத்த முதல் பூச்செண்டு, பிரியாவிடைக்குக் கிடைத்ததாகப் போய்விட்டதே என்று அவளுக்குக் கவலை. இசையைக் கவனித்துக் கேளுங்கோ: முதலில் வருகின்ற ஸ்வரக்கூட்டுகள் ஒரு முடிவுக்கும் வராமல் அந்தரத்தில் தொங்கி நிற்கும். அடுத்தது எங்கே போய் இறங்கும் என்று தெரியாது. அது அமைதி இல்லை. வீடு விட்டு வெளிக்கிட்ட பிள்ளையின் தயக்கம்.

அதே படத்தில் "சிக்ஸ்த் ஸ்டேஷன்" என்ற துண்டு. கடல் மூடிய தண்டவாளத்தில் றெயின் போகிறது. பயணிகள் நிழல் மாதிரி. ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கிப் போகிறார்கள். ஒரு மேடையில் ஒரு சிறுமியின் நிழல் தனியாக நிற்கிறது. ஆருக்காக நிற்கிறது என்று படம் சொல்லாது. கிட்டத்தட்ட ஒருவரும் கதைக்க மாட்டினம். இந்த றெயினைப் பற்றிக் கொதிகலன் அறைக் கிழவன் கமாஜி முன்கூட்டியே சொல்லியிருப்பான்: முந்தித் திரும்பி வாற றெயினும் இருந்தது, இப்ப போறது மட்டும்தான். திரும்பி வரமுடியாத றெயினுக்கு எழுதின இசையை நாங்கள் "ஸ்ரடி வித் மீ" வீடியோவுக்குப் போடுறம். கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தால் உடம்பு கூசாதா?

மூன்றாவது, கலியாண வீடியோக்காரரின் செல்லப்பிள்ளை: "மெரி-கோ-ரவுண்ட் ஒஃப் லைஃப்". மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஸ்லோமோஷனில் சுற்ற, இந்த வோல்ஸ் ஓடும். "ஹவுல்ஸ் மூவிங் காசில்" 2004இல் வந்தது. ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தது 2003 மார்ச். அதே மாதம் "ஸ்பிரிட்டட் அவே" ஒஸ்கார் வாங்கியபோது மியாசாக்கி விழாவுக்குப் போகவில்லை. ஈராக்கில் குண்டு போடுகிற நாட்டுக்குப் போக விருப்பமிருக்கவில்லை என்று பிறகு, 2009இல், வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கோபத்தோடு செய்த படம்தான் இது. படத்தில் ஹவுலும் சோஃபியும் வானத்தில் நடக்கிற அந்தப் புகழ்பெற்ற காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடக்கிறது? ஒழுங்கைக்குள் தனியாகப் போற சோஃபியை ரெண்டு சிப்பாய்கள் மறிக்கிறார்கள். ஊர் முழுக்கக் கொடி கட்டி, போருக்குப் போற படையைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தெருக்களுக்கு மேலாகத்தான் வோல்ஸ் எழும்புகிறது.

முழுப் படத்துக்கும் ஒரே மெட்டு வேணும் என்று மியாசாக்கி கேட்டார். ஆகவே அதே மெட்டு காதலிலும் வரும், முதுமையிலும் வரும், எரிகின்ற ஊரின் நடுவிலும் உருமாறி வரும். ராட்டினம் சுற்றுது, சந்தோசத்தைக் கடந்து போரடிக்கும், போரைக் கடந்து சந்தோசத்தடிக்கும். அதில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கலியாண வீட்டில் ஓடவிட்டால், மிச்சம் என்ன? நாலு நிமிச அலங்காரம்.

இனி எங்கட வாதத்தின் நடு இடத்துக்கு வாறம். ஹிசாய்ஷியை விளங்கிக்கொள்ள அவருடைய இசையை மட்டும் கேட்டால் போதாது. இசை இல்லாத இடங்களையும் கேட்க வேணும்.

1986இல் வந்த "காசில் இன் த ஸ்கை" ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடின படம். அதில் இசை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். படம் தொடங்கும்போது வானக் கொள்ளையர் ஆகாயக் கப்பலைத் தாக்குகிறார்கள், இசை இல்லை. சத்தம் மட்டும். ஷீற்றா கீழே விழுந்த பிறகுதான் இசை வருகிறது. பிறகு டிஸ்னி இதற்கு ஆங்கிலப் பதிப்புச் செய்தபோது, ஹிசாய்ஷியே உட்கார்ந்து இசையைப் பெருப்பிக்க வேண்டி வந்தது. அவர் சொன்ன காரணம்: மூன்று நிமிசத்துக்கு மேல் இசை இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அந்தரமாக இருக்கும் என்று அவர்களின் பக்கம் கருதினார்கள். மௌனமாக விட்டிருந்த இடங்கள் நிரப்பப்பட்டன. பின்னர் வந்த வெளியீடுகளில் பழைய இசை திரும்ப வந்தது என்பது வேறு கதை.

அண்டைக்கு மூன்று நிமிச மௌனம் தாங்காது எண்டு ஒரு கொம்பனி நினைச்சுது. இண்டைக்கு எங்களுக்குப் பத்து மணித்தியாலத்தில ஒரு செக்கன் மௌனமும் தாங்காது. அந்தக் கொம்பனியைப் பேசுறதுக்கு எங்களுக்கு என்ன தகுதி?

மியாசாக்கி இதைப் பற்றி அமெரிக்க விமர்சகர் றொஜர் ஈபேர்ட்டிடம் விளங்கப்படுத்தியிருக்கிறார். கையைச் சில தடவை தட்டிக் காட்டி, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் இருக்கிற நேரம்தான் "மா" என்றார். யப்பானியர்கள் அந்த இடைவெளிக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். இடைவெளி இல்லாமல் ஓடினால் அது வெறும் அலுவல். மூச்சு விட இடம் விட்டால்தான் பதற்றத்துக்கும் அர்த்தம் வரும். ஹிசாய்ஷியின் பியானோ ஏன் எங்களைப் பிடித்து உலுப்புகிறது? அது மௌனத்துக்குள் இருந்து வருகிறபடியால். மௌனத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பியானோவை மட்டும் ஒட்டி ஒட்டி ஓடவிட்டால், உப்பைத் தனியச் சாப்பிடுகிற மாதிரி.

இசாவோ தக்காஹத்தாவின் "பிரின்சஸ் ககுயா" (2013) இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகும். பாத்திரத்தின் உணர்ச்சியை இசையால் சொல்லாதே, பார்க்கிறவரின் கண்ணீரைப் பிடித்து இழுக்காதே என்பது தக்காஹத்தா தனக்கு விதித்த நிபந்தனை என்று ஹிசாய்ஷியே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் முடிவு பார்த்தவர்களுக்குத் தெரியும். ககுயாவைச் சந்திரலோகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முகிலில் ஊர்வலம் வருகிறது. வளர்த்த தாயும் தகப்பனும் கதறுகிறார்கள். ஒரு போர்வை தோளில் விழுந்தால் பூமியின் நினைவு எல்லாம் அழிந்துபோகும். இந்த இடத்தில் வருகிற இசையோ, தாளம் தட்டிக்கொண்டு, குதூகலமான, திருவிழா இசை! ஏனெண்டால் வருகிறவர்களுக்குத் துக்கம் எண்டால் என்னெண்டே தெரியாது. கவலை இல்லாத உலகத்தின் இசை அது. அது எவ்வளவு கொடூரம் என்பது அப்போதுதான் விளங்கும்.

எங்களுக்கு அந்த ஊர்வலத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பத்து மணித்தியால வீடியோக்கள்தான் ஞாபகம் வருகின்றன. கவலையில்லாத இசை, தோளில் விழுகிற போர்வை, மறதி.

இப்ப நீங்கள் கேட்கப்போறது எங்களுக்குத் தெரியும். "பாட்டுக் கேக்கிறதுக்கும் சட்டம் போடுறியளோ? ஆர் நீங்கள்?"

ஒருத்தரும் இல்லை. சட்டமும் இல்லை. ஆனால் ஒன்றைத் தவறாகப் பாவிக்கிறோம் என்று சொல்வதற்குப் பொலிஸ்காரராக இருக்க வேண்டியதில்லை; பிரியம் இருந்தால் போதும்.

ரெண்டாவது கேள்வி கொஞ்சம் பலமானது. "இசை படத்தில இருந்து தனியா நிக்கக்கூடாதெண்டால், அவரே ஏன் கச்சேரி வைக்கிறார்? ஏன் அல்பம் விடுறார்?" உண்மை. 2023இல் லண்டனின் றோயல் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழுவோடு இந்த இசையைப் பதிவுசெய்து டொயிட்ச கிரமஃபோன் மூலம் வெளியிட்டார். அதைவிட, "நௌசிக்கா"வுக்கு முதலில் அவர் செய்தது படத்துக்கு முன்பே வந்த ஒரு "இமேஜ் அல்பம்". மியாசாக்கியின் சொற்களையும் படங்களையும் வைத்து, படம் முடியமுன்னரே எழுதின இசை. அதைக் கேட்ட பிறகுதான் மியாசாக்கியும் தயாரிப்பாளராக இருந்த தக்காஹத்தாவும் முழுப் படத்தையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். ஆகவே அவருடைய இசை தனியாக நிற்கும், நிற்க வேணும். நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கச்சேரியில் சனம் கதிரையில் இருந்து, வாயை மூடி, காதைக் குடுத்துக் கேக்கும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் மௌனம் இருக்கும். தனியாகக் கேட்பது வேறு. கேட்காமல் ஓடவிடுவது வேறு.

மூன்றாவது கேள்விதான் எங்களையும் தடுமாற வைத்தது. எங்கட கூட்டத்திலேயே ஒருத்தி கேட்டாள்: "மனசு உடைஞ்சு கிடந்த நேரம் இந்த இசைதான் என்னைப் பிடிச்சு வச்சிருந்தது. அதையும் பிழை எண்டுவியளோ?"

இல்லை. ஒருபோதும் சொல்ல மாட்டம். இசை ஆறுதல் தரக்கூடாது என்றால் வேறு எதுதான் தரும்? ஆனால் ஆறுதல் வேறு, மயக்கம் வேறு. "மை நெய்பர் டொட்டோரோ"வை (1988) எடுங்கோ. அதைவிட இதமான இசை அவர் எழுதியிருப்பாரோ தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் அம்மா ஆசுப்பத்திரியில். தங்கச்சி மேயைப் பார்த்துக்கொண்டு, வீட்டு வேலையும் செய்துகொண்டு, பெரிய மனிசி மாதிரி நடக்கிற சட்சுக்கி, ஆசுப்பத்திரியில் இருந்து தந்தி வந்த பிறகு, அம்மா செத்துப்போனால் என்ன செய்வது என்று குழந்தையாகி அழுகிறாள். அந்தப் பயம் படத்தில் இருப்பதால்தான் அந்த இசை ஆறுதல். பயத்தை எடுத்துவிட்டால் அது வெறும் இனிப்பு. உன்னைப் பிடிச்சு வச்சிருந்தது அந்த இனிப்பு இல்லை, தங்கச்சி. உன்ர நோவைத் தெரிஞ்ச ஒண்டு உனக்குப் பக்கத்தில வந்து இருந்தது. அதைத்தான் நாங்கள் காப்பாற்றச் சொல்லுறம்.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லி முடிக்கிறம்.

"தி போய் அண்ட் த ஹெரன்" படம் போர்க்காலத் தோக்கியோவில் தொடங்குகிறது. இரவில் சைரன். ஆசுப்பத்திரி எரிகிறது. உள்ளே மஹித்தோவின் அம்மா. பெடியன் நெருப்பை நோக்கி ஓடுகிறான். பிறகு தகப்பனோடு தோக்கியோவை விட்டு நாட்டுப்புறத்துக்குப் போகிறான். இந்தப் படத்தின் இசை அல்பத்தில் முதலாவது துண்டு "ஆஸ்க் மீ வை". தயங்கித் தயங்கி வருகிற தனிப் பியானோ. இப்போது அதுவும் நித்திரைக்கான பிளேலிஸ்ற்றுகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அல்பத்தில் அந்தத் தலைப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு யப்பானியச் சொல் இருக்கிறது: "சொக்காய்". குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்தை விட்டு வெளியேறிப் போவதற்கு, அந்த யுத்த காலத்தில் யப்பானியர்கள் பாவித்த சொல்.

அதை எங்கட தமிழில சொல்ல அகராதி தேவையில்லை. இடம்பெயர்வு.

எங்கட வீடுகளில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்லுவினம் எண்டு உங்களுக்குத் தெரியும். "முதலாவது இடம்பெயர்வுக்குப் பிறகு", "கடைசி இடம்பெயர்வுக்கு முன்னம்" எண்டு வருசத்தைக் கணக்கிட்ட சனம் நாங்கள். அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்த பியானோவை, அந்தச் சொல்லுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகள், நித்திரை வாறதுக்கு எண்டு போட்டுவிட்டுப் படுக்கிறம். இதைவிட வேறென்ன சொல்ல இருக்கு?

ஆகவே எங்கட வேண்டுகோள் சின்னது. இந்தக் கிழமை ஏதாவது ஒரு இரவு, அந்தப் பத்து மணித்தியால வீடியோவை மூடுங்கோ. "கிக்குஜிரோ"வையோ "ககுயா"வையோ முழுசாகப் போட்டுப் பாருங்கோ. போனைத் தள்ளி வையுங்கோ. இசை நிக்கிற இடத்தில நீங்களும் நில்லுங்கோ. முடிஞ்ச பிறகு நித்திரை வராட்டில் பயப்பட வேண்டாம். எங்களுக்கும் வரவில்லை.